எந்தப் பால்வாடி தேவலை? வடகரப்பதிப் பக்கத்து மூன்று அரசு இடங்கள்

நான் பால் அளக்கிற சொசைட்டியில் காலை வேலை முடிகிற நேரத்தில், இளம் தாய்மார்கள் யாராவது கேனைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்ண்ணா, உங்க பாப்பாவ எங்க போட்டிருக்கீங்க? எது தேவலைங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் வரிசை நிற்கும்போது இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்ப மனசு வருவதில்லை. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது நாலரை வயது. மூன்று முடிந்ததும் எங்கள் வார்டு அங்கன்வாடியில் சேர்த்தோம். தம்பிப் பாப்பா பிறக்கிற சமயம் வீட்டுக்காரி தாய்வீட்டுக்குப் போனபோது இவளும் கூடப் போனாள். அங்கே, கிணத்துக்கடவுப் பக்கம், தமிழ்நாட்டுப் பால்வாடியில் சில மாதங்கள் இருந்தாள். இந்த ஜூனிலிருந்து எங்கள் பக்கத்து அரசு எல்.பி. ஸ்கூலோடு (நாலாம் வகுப்பு வரையுள்ள தொடக்கப்பள்ளி) சேர்ந்த பிரீ-பிரைமரிக்குப் போகிறாள். மூன்றும் சர்க்கார் இடங்கள். ஒரே பிள்ளை மூன்றிலும் இருந்தது எங்களுக்குத் தற்செயலாக அமைந்தது. ஆனால் ஒப்பிட்டுச் சொல்ல அது வசதியாகப் போயிற்று. இடங்களின் பேரைப் போடவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு நம் பிள்ளைகளைக் கழுவித் துடைத்துச் சோறூட்டுகிற பெண்களுக்கு என்னால் ஒரு சங்கடமும் வரக்கூடாது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துகள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கின்றன. பழைய கொச்சி சமஸ்தானத்துச் சீமை. தென்னந்தோப்பும் மாடும்தான் பிழைப்பு. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், சந்தையில் இரண்டும். இந்த நிலத்தில் மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறபோது, கோயமுத்தூர்க்காரருக்கோ திருச்சூர்க்காரருக்கோ வராத ஒரு கேள்வி நமக்கு வருகிறது. பிள்ளைக்கு மூத்திரம் முட்டினால் யாரிடம், எந்தப் பாஷையில் சொல்லும்? நான் எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். அடுத்தது சோறு. அதற்கடுத்தது மத்தியானத் தூக்கம். எழுத்தும் எண்ணும் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் என் கணக்கில் வரும்.

முதலில் எங்கள் வார்டு அங்கன்வாடி. பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த கட்டடம், டைல்ஸ் தரை, முன்னால் கிரில் போட்ட திண்ணை. காலை ஒன்பதரைக்குத் திறந்து மூன்றரைக்கு விடுவார்கள். என் மகள் சேர்ந்தபோது பதினான்கு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், மூன்று நான்கு மலையாள வீட்டுப் பிள்ளைகள், தோப்பு வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒன்று. டீச்சர் மலையாளி. சித்தூர் டவுன் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். தமிழ் புரியும், பேசும்போது கொஞ்சம் தடுமாறுவார். ஆயாம்மா நம் ஊர்.

பாலைப் பற்றித்தான் என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அது என் தொழில். கேரளத்தில் 'போஷக பால்யம்' என்ற திட்டம் 2022 ஆகஸ்டில் தொடங்கியது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பால், இரண்டு நாள் முட்டை என்று ஆரம்பித்தார்கள். தலைக்கு 125 மில்லி பால். பதினான்கு பிள்ளைகளென்றால் ஒன்றே முக்கால் லிட்டர். எங்கள் அங்கன்வாடிக்கு அந்தப் பால் எங்கள் சொசைட்டியிலிருந்தே போகிறது. காலையில் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பல்லாத திடச்சத்து) பார்த்து நானே அளந்து ஊற்றிய பாலை, சில நாள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தும் இருக்கிறேன். ஆயாம்மா அதை எப்படிக் காய்ச்சுகிறார் என்று பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கமாட்டார். பொங்கி வந்ததும் அடுப்பைத் தணித்து, மறுபடியும் ஒரு கொதி விட்டு, ஆற்றி, பிள்ளைகளின் சொந்த டம்ளரில் ஊற்றுவார். எல்லா டம்ளரிலும் நெயில் பாலிஷால் ஒரு அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றின் டம்ளரை இன்னொன்று எடுக்காது. வெறும் பால் வேண்டாமென்று முகம் திருப்புகிற பிள்ளைக்குத் துளி நாட்டுச்சர்க்கரை. பால் கறப்பவர்கள் நாம். ஆனால் சொசைட்டிக்கு ஊற்றியது போக வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சாத வீடுகள் நம் ஊரில் எத்தனை என்பது அளக்கிற எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து தன் ஊர் மாட்டின் பாலைக் குடிப்பதைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

சாப்பாடு 2025 ஜூனுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறியது. ஆலப்புழைப் பக்கத்துச் சின்னப் பையன் ஒருவன், உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணி வேண்டுமென்று கேட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைச் சுகாதார அமைச்சரும் பார்த்தார், மெனுவையே திருத்தினார்கள். உப்பும் சர்க்கரையும் குறைந்தது. பாலும் முட்டையும் வாரத்துக்கு மூன்று நாளாயிற்று. முட்டை பிரியாணியும் புலாவும் பட்டியலில் ஏறியது. பட்டியலில் உள்ளதெல்லாம் எல்லா வாரமும் அப்படியே நடக்கிறது என்று சொல்லமாட்டேன். சாமான் வர ஒருநாள் பிந்தினால் கஞ்சியும் பயறும்தான். ஆனால் பிரியாணி நாளில் என் மகள் காலையில் எழுப்பாமல் எழுந்திருப்பாள். ஆயாம்மா காரம் போடாமல், பட்டை கிராம்பைத் துணியில் கட்டிப் போட்டு எடுத்துவிடுவார், பிள்ளைகள் வாயில் கடிபடக் கூடாது என்று. எந்தச் சர்க்குலரிலும் எழுதியிராத கவனம் இது.

எடை போடுகிற விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மாதாமாதம் எடையும் உயரமும் பார்த்து, டீச்சர் போனில், போஷன் டிராக்கர் என்ற அங்கன்வாடிக் கணக்கு ஆப்பில் ஏற்றுகிறார். வீட்டுக்காரி இரண்டாவது பிள்ளையைச் சுமந்து வாந்தியும் மயக்கமுமாக இருந்த சமயம், மகள் வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் எடை ஏறாமல் நின்றுவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. டீச்சர் கோடு போட்ட அட்டையை எடுத்துக் காட்டி, "இந்த மாசம் கூடலை, போன மாசமும் கூடலை. ராத்திரி என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. ராத்திரிச் சோற்றில் ஒரு முட்டையோ கடலை மாவோ சேர்க்கச் சொன்னார். அடுத்தடுத்த மாதங்களில் கோடு மேலே ஏறியது. மாதம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற இங்கிலீஷ் நர்சரியில் என் அண்ணன் மகன் படித்தான். அங்கே இப்படி ஒரு அட்டையை யாரும் எடுத்துக் காட்டியதில்லை.

பாஷை விஷயம். டீச்சர் பாட்டு மலையாளத்தில் சொல்லித்தருவார். 'அங்கணப்பூமழ' என்ற புத்தகம் என் மகள் கைக்கு வந்தது மலையாளத்தில். படம் பார்த்து வண்ணம் தீட்டுகிற புத்தகம், அதில் குறையில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வாய் ஓயாதவள். அவளைப் பேசவைத்தது ஆயாம்மாதான். "என்ன சாமி, வயிறு நோவுதா? வா கண்ணு, எங்கூட வா" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையல் கட்டுக்குப் போய்விடுவாராம். வெங்காயம் உரிக்கையில் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்வாராம். அங்கிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்து, ஓணத்துக்குள் இரண்டு பாஷையிலும் பாட ஆரம்பித்துவிட்டாள். அந்த ஒடிசாப் பிள்ளைக்கு எங்கள் இரண்டு பாஷையும் இல்லை; அதையும் ஆயாம்மா அதே இடுப்பில்தான் வைத்திருந்தார். பதவியில் ஹெல்பர். சம்பளம் டீச்சரைவிடக் குறைவு. ஆனால் தமிழ் வீட்டுப் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கப் போகிறவர்கள் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆயா யார், எந்த ஊர், எப்படிப் பேசுகிறார் என்று கட்டாயம் பாருங்கள். என் பார்வையில் எங்கள் அங்கன்வாடியின் தரத்தில் பாதி அந்த அம்மாதான்.

குறைகளும் உண்டு. நம் பக்கத்துத் தண்ணீர் எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். மழைமறைவு நாடு, போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர். அங்கன்வாடிக்கு லாரித் தண்ணீர் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் ஆயாம்மா பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் சுமப்பார். கக்கூஸ் பெரியவர்கள் அளவுக்குக் கட்டியது. சின்னப் பிள்ளை தனியாக உட்கார முடியாது. அப்புறம் டீச்சர் இல்லாத நாட்கள். மீட்டிங், சர்வே, ரிஜிஸ்டர், போனில் போட்டோ ஏற்றுவது என்று பாதி நேரம் அதிலேயே போகிறது. இதற்கு டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே பெண்ணின் தலையில் கர்ப்பிணிக் கணக்கு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அமிர்தம் என்ற சத்துமாவுப் பொடி, வயசுப்பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு, வீடுவீடாகக் கணக்கெடுப்பு என்று எல்லாவற்றையும் ஏற்றிவைத்தால், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல நேரம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, மூன்றரை மணி. தோப்புக்கும் தொழிலுறப்புக்கும் (அரசின் ஊரக வேலைத் திட்டம்) போகிற தாய்மார்கள் வீடு திரும்ப ஐந்தாகும். நடுவில் அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளை யாரிடம் இருக்கும்? பாட்டி இருக்கிற வீட்டுக்குப் பிரச்சினையில்லை. பாட்டியும் வேலைக்குப் போகிற வீடுகளில்தான் பிள்ளையை அங்கன்வாடிக்கே அனுப்பாமல் தோப்புக்குக் கூட்டிப்போய், தென்னை மர நிழலில் உட்கார வைக்கிறார்கள். பாம்பு நடமாடுகிற இடம். சர்க்கார் எத்தனையோ செலவு செய்து இந்த ஒன்றரை மணி நேரத்தில் கோட்டை விடுகிறது என்பது என் வருத்தம்.

தண்ணீர்த் தொட்டிக்கும், தமிழ்ப் பாட்டுப் புத்தகத்துக்கும், சின்னப் பிள்ளை உட்காருகிற கக்கூஸுக்கும் சேர்த்து அங்கன்வாடிக் கமிட்டியில் பேசி மனு எழுதினோம். தமிழிலேயே எழுதினோம். 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும். நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாமல், மலையாளம் எழுதத் தெரிந்தவரைத் தேடி அலைகிறார்கள். தொட்டி வந்துவிட்டது. மற்ற இரண்டையும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி எல்லைக்கு அந்தப்புறம். மாமியார் ஊர்ப் பால்வாடி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. பழைய கட்டடம், அகலமான வாசல், வேப்பமரம். என் வீட்டுக்காரியே அங்கே படித்தவள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவைத் தொடங்கியபோது அதே ஊரில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் தலைமுறை என் மாமியார். இப்போது பேத்தியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவரும் அவரே. அதனால் அந்த ஊரில் பால்வாடிக்கு அனுப்புவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணமே கிடையாது. தோட்டங்காட்டுக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் காசு வந்ததும் வேன் வருகிற நர்சரிக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த வழக்கம் அங்கே அவ்வளவாகப் பரவவில்லை.

அங்கே என் மகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை பேச்சு. போன முதல் நாளே வாய் திறந்தாள். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அவர்களுக்கு ஒரு பாடத்திட்டம். பேரைப் போலவே பாட்டும் ஆட்டமும்தான் முக்கால்வாசி. டீச்சருக்கு நல்ல குரல். காக்கா, மழை, மாட்டுவண்டி என்று பாட்டாகப் பாடிப் பாடி, மகள் நீளநீளமான வாக்கியம் பேச ஆரம்பித்ததே அங்கேதான். சாயங்காலம் போனில் கூப்பிட்டால், "ஐயா, இன்னிக்கு நாங்க என்ன பண்ணோம்னு சொல்லட்டுமா?" என்று தொடங்கி, முயல் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிப்பாள். தாய்மொழியில் காது நிறையக் கேட்ட பிள்ளைக்கு நாக்கு எப்படித் திறக்கிறது என்பதை அந்த மாதங்களில் கண்கூடாகப் பார்த்தேன்.

முட்டை வாரம் மூன்று. அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் பல வருடமாகவே கெட்டி. சாதம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகை: தக்காளி சாதம், காய்கறி சாதம், பருப்புச் சாதம். காலையில் சத்துமாவு உருண்டை. துணியும் கொடுத்தார்கள், இரண்டு செட் கலர் டிரஸ். அதைப் போட்டுக்கொள்ள என் மகளுக்கு இன்னும் ஆசை, கை குட்டையாகிவிட்டது.

சுவையைக் கேட்டால் அங்கன்வாடிக்குத்தான் என் ஓட்டு. பால்வாடியில் சமைப்பதும் ஒரே ஆயா, பிள்ளைகளோ இருபதுக்கு மேல். அவசர அவசரமாகக் கிளறுகிற சாதத்தில் அந்தப் பட்டை கிராம்பு மூட்டைக்கு இடமில்லை. பாலும் கிடையாது. ஆனால் ஒரு முட்டையும் தவறியதில்லை என்று மாமியார் உறுதியாகச் சொன்னார், அவர் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை.

அங்கே என்னை வருத்தியது ஆள் பற்றாக்குறை. டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் பொறுப்பு. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. அவர் அந்த ஊருக்குப் போகிற நாளில் இங்கே ஆயா ஒருத்தரே சமைக்கவும் வேண்டும், பிள்ளை பார்க்கவும் வேண்டும். அப்போது கதவைச் சாத்தி, உட்கார்ந்த இடத்திலேயே உட்காரச் சொல்லிவிடுவார். வேறென்ன செய்ய முடியும் அவரால்? பின்னாலேயே வாக்காளர் பட்டியல் திருத்த வேலையும் வந்து சேர்ந்தது. வீடுவீடாகப் படிவம் கொடுக்கிற பொறுப்பு டீச்சருக்கு. அந்த வாரங்களில் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை என்று மாமியார் வருத்தப்பட்டார்.

மாமனார் ஒரு யோசனை சொன்னார். கொஞ்ச தூரத்து நடுநிலைப்பள்ளியில் எல்.கே.ஜி. இருக்கிறதே, அங்கே சேர்த்துப் பாப்பாவை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று. 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்தில் இருக்கிற மையங்களில் மட்டும். எல்லாப் பால்வாடியிலும் அது கிடையாது. எல்லைக்கு அந்தப்புறம் பாட்டி வீடு இருக்கிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். எங்களுக்கு மகளைப் பிரிந்திருக்க மனசு வரவில்லை. அதோடு, ஒன்றாம் வகுப்பு எங்கே படிக்கப் போகிறாளோ அந்த ஊர்ப் பிள்ளைகளோடு இப்போதே பழகுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அப்படித்தான் எல்.பி. ஸ்கூல் பிரீ-பிரைமரிக்கு வந்தோம். நம் பக்கத்து எல்.பி. ஸ்கூல்களில் சிலவற்றில் தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பள்ளியில் 'வர்ணக்கூடாரம்' வந்திருக்கிறது. சமக்ர சிக்ஷா கேரளம் என்ற பள்ளிக்கல்வித் திட்ட அமைப்பு மூலம் ஒரு பள்ளிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்து, பதின்மூன்று விளையாட்டு இடங்கள் அமைக்கச் சொல்கிற திட்டம். வரைய ஓர் இடம், எண்ணிப் பார்க்க ஓர் இடம், பாட, கட்டை அடுக்க, கதை கேட்க, வெளியே சறுக்க என்று தனித்தனி. சுவரில் யானை, மயில், ரயில். முதல் நாள் உள்ளே நுழைந்த மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

படத்துக்கு மயங்கிச் சொல்லவில்லை. ஒரு காலை முழுக்க ஜன்னலோரம் நின்று பார்த்தேன். டீச்சர் பிரீ-பிரைமரி டிரெயினிங் முடித்தவர், தமிழ் வீட்டுப் பெண், மலையாளமும் சரளம். கட்டை அடுக்குகிற இடத்தில் இரண்டு பையன்கள் சண்டை போட்டபோது அதட்டாமல் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "இதுல எத்தனை செகப்பு இருக்கு, எண்ணலாமா?" என்று கேட்டார். சண்டை எண்ணுவதில் கரைந்துபோயிற்று. எழுதச் சொல்லி விரலை ஒடிக்கிற வேலை அங்கே இல்லை. களிமண் பிசைந்து, விதை பொறுக்கி, நூல் கோத்து விரல் திடமான பிறகு எழுத்து தானே வருமென்று அவர் சொன்னார். எனக்கும் அது சரியாகப் படுகிறது. மூன்று வயதிலேயே நாலு கோடு நோட்டில் வீட்டுப்பாடம் கொடுக்கிற நர்சரிகளுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இந்த வகுப்பில் ஒரு காலை நின்று பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

இங்கே பணம் கொஞ்சம் செலவாகும். பேர் சர்க்கார் பள்ளி என்றாலும், பிரீ-பிரைமரியைப் பல இடங்களில் பி.டி.ஏ.தான் (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நடத்துகிறது. 2012-க்கு முன்னால் சேர்ந்த டீச்சர்களுக்கு அரசு மதிப்பூதியம் உண்டு. பிறகு வந்தவர்களுக்கு பி.டி.ஏ. பிரித்துக் கொடுப்பதுதான். அதனால் மாதாமாதம் ஒரு தொகை கேட்பார்கள். அதோடு ஆட்டோக் காசு. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரமில்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் பாரம்தான். மத்தியானச் சோறு பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளியிலேயே கிடைக்கிறது. சோறு நன்றாக இருக்கிறது. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் நெரிசலில் சின்னது மெதுவாகச் சாப்பிட முடியவில்லை. முதல் மாதம் என் மகள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். டீச்சரிடம் சொன்னோம், இப்போது குட்டிகளைப் பத்து நிமிஷம் முன்னதாக உட்கார வைக்கிறார்கள்.

தூக்கம் கிடையாது. பாய் இல்லை, இடமும் இல்லை. அங்கன்வாடியில் சாப்பிட்டதும் பாய் விரித்து, ஃபேனைப் போட்டு, ஒன்றரை மணி நேரம் தூங்கவைப்பார்கள். மார்ச் மாதத்து நம் வெயிலுக்கு அந்தத் தூக்கம் இல்லாத சின்னப் பிள்ளை வாடிவிடும். நாலரை வயதில் என் மகள் சமாளிக்கிறாள். மூன்று வயதில் முடிந்திருக்காது. எடை பார்க்கிற அந்த மாதாந்திரக் கவனமும் இங்கே இல்லை. அதற்கு இன்னமும் நான் அங்கன்வாடிக்கே கூட்டிப்போகிறேன். டீச்சர் முகம் சுளிக்காமல் பார்த்துத் தருகிறார்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. மூன்று வயது முடிந்த பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு வார்டு அங்கன்வாடியில் சேருங்கள். நடக்கிற தூரம், ஊர்ப் பால், தூக்கம், எடை, செலவில்லை. ஆயா தமிழாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டீச்சரும் ஆயாவும் இருவருமே தமிழ் பேசாத இடமாக இருந்தால், பக்கத்து வார்டு அங்கன்வாடியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் முதல் மூன்று மாதம் பிள்ளையோடு கூடுதலாகப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். தாத்தா பாட்டி எல்லைக்கு அந்தப்புறம் இருந்து, பிரசவமோ வேலையோ காரணமாகச் சில மாதம் பிள்ளை அங்கே இருக்க நேர்ந்தால், வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் பால்வாடிக்கு அனுப்புங்கள். பேச்சுக்கு அதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வருடம், தமிழ் மீடியத்தில் போடுகிற எண்ணமிருந்தால், தமிழ் டிவிஷன் உள்ள ஸ்கூலின் பிரீ-பிரைமரிக்கு மாற்றுங்கள். பி.டி.ஏ. காசுக்குக் கஷ்டமென்றால் தலைமையாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இரண்டு வீட்டுக்கு வாங்குவதில்லை. மலையாள மீடியத்தில் போடுகிறவர்கள் அங்கன்வாடியிலேயே கடைசி வரை வைத்திருந்தாலும் ஒரு நஷ்டமுமில்லை.

சேர்க்கும் முன் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் போனால் எல்லா இடமும் அழகாகவே இருக்கும். சோறு போடுகிற நேரத்தில் பிள்ளைகளின் முகமும், கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்பதும், அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். கக்கூஸ் கதவைத் திறந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

கையில் பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். போஷன் டிராக்கரில் இந்தப்புறம் பேர் ஏற்றியிருந்தால், அந்தப்புறம் சேர்க்கும்போது இங்கிருந்து மாற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள்; இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கிடக்க விடாதீர்கள், பிறகு திரும்பி வருகையில் அலையவேண்டி வரும். எங்கள் அங்கன்வாடியில் எந்த மாதமும் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரீ-பிரைமரிக்கு மட்டும் மே மாதக் கடைசியிலேயே ஸ்கூலில் போய்ப் பேர் கொடுத்துவிடுங்கள், தமிழ் டிவிஷன் என்று வாய்விட்டுச் சொல்லி எழுத வையுங்கள்.